லூசிண்டா வில்லியம்ஸின் 2023 ஆல்பம்: ரசிகர்கள் ஏன் இரண்டு கட்சியானார்கள்?

அமெரிக்கப் பாடகியும் பாடலாசிரியருமான லூசிண்டா வில்லியம்ஸைப் பற்றி வந்த கேள்வி இது: “‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’ கேட்டுத்தான் லூசிண்டா வில்லியம்ஸ் பக்கம் வந்தேன். 2023-இல் வெளியான ‘ஸ்டோரீஸ் ஃப்ரம் எ ராக் அண்ட் ரோல் ஹார்ட்’ பற்றி ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்துவிட்டார் என்று ஒரு சாரார் கண்கலங்குகிறார்கள். குரலும் போச்சு, வரியும் போச்சு என்று இன்னொரு சாரார் கைவிரிக்கிறார்கள். யாரை நம்புவது? நான் எப்படிக் கேட்பது?”

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரலைப் பற்றிய புகார் 2003-லிருந்தே இருக்கிறது. வரிகளைப் பற்றிய புகார் 2001-லிருந்து இருக்கிறது. இரண்டுமே இந்த ஆல்பத்தோடு பிறந்தவை கிடையாது. இந்த ஆல்பத்தில் உண்மையிலேயே புதிதாக நடந்தது ஒன்றுதான்: அவர் பாட்டு எழுதும் முறை மாறிவிட்டது. பழைய இரண்டு புகாரையும் இந்தப் புதிய மாற்றத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை தீராமல் ஓடுகிறது. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால், பத்துப் பாட்டில் எது நிற்கிறது, எது தள்ளாடுகிறது என்பது உங்கள் காதுக்கே தெரியும்.

இவருடைய ரசிகர் கூட்டம் எப்போதுமே ஒரே கூட்டமாக இருந்ததில்லை. அவர் வாங்கிய மூன்று கிராமி விருதுகளைப் பாருங்கள். 1994-இல் சிறந்த கன்ட்ரி பாடலுக்கான விருது, ‘பேஷனேட் கிஸ்ஸஸ்’ எழுதியதற்காக. பாடி அதைப் பெரிய வெற்றியாக்கியவர் மேரி சேப்பின் கார்ப்பென்டர். 1999-இல் ‘கார் வீல்ஸ்’ ஆல்பத்துக்குக் கிடைத்தது ஃபோக் பிரிவில். 2002-இல் ‘கெட் ரைட் வித் காட்’ பாடலுக்குக் கிடைத்தது ராக் பிரிவில், சிறந்த பெண் குரலுக்கானது. ஒரே ஆளுக்கு மூன்று பிரிவுகளில் விருது. கன்ட்ரி வாசல் வழியாக வந்தவர்களுக்குக் கதையும் ஸ்டீல் கிதாரும் வேண்டும். ஃபோக் வாசல் வழியாக வந்தவர்கள் வரிகளைக் கவிதையாகப் படிப்பவர்கள். தந்தை மில்லர் வில்லியம்ஸ், கிளின்டனின் 1997 பதவியேற்பில் கவிதை வாசித்தவர் என்பதெல்லாம் அவர்களுக்கு முக்கியம். ராக் வாசல் வழியாக வந்தவர்களுக்குக் கிதார் அலற வேண்டும். எந்த ஆல்பம் வந்தாலும் இவர்களில் ஒரு கூட்டமாவது ஏமாறும். 2023-இல் அதிகம் ஏமாந்தவர்கள் ஃபோக் வாசல்காரர்கள்.

‘கார் வீல்ஸ்’ ஏன் அளவுகோலாகிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1998 ஜூன் 30 அன்று வெளியானது. அதற்கு முந்தைய ‘ஸ்வீட் ஓல்ட் வேர்ல்ட்’ வந்தது 1992-இல். இடையில் ஆறு வருடம். 1995-இல் ஆஸ்டினில் கர்ஃப் மார்லிக்ஸ் தயாரிப்பில் பதிவைத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில் பாடகர் ஸ்டீவ் எர்லின் ஆல்பம் ஒன்றில் லூசிண்டா ஒரு பாட்டுக்குச் சேர்ந்து பாடினார். ரே கென்னடி பதிவு செய்த அந்தப் பாட்டில் தன் குரல் விழுந்திருந்த விதம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. தன் சொந்த ஆல்பத்தில் குரல் அப்படி விழவில்லை என்று பட்டதும் அதுவரை செய்ததைத் தள்ளிவைத்துவிட்டு, நாஷ்வில்லில் எர்ல், கென்னடி இருவரோடும் மறுபடி பதிவு செய்தார். கடைசி வேலைகள் லாஸ் ஏஞ்சலிஸில் ராய் பிட்டனோடு முடிந்தன. மார்லிக்ஸோடு இருந்த நீண்ட நாள் கூட்டு அதோடு முறிந்தது. இதை நினைவில் வையுங்கள்: தன் குரல் மைக்கில் எப்படி விழுகிறது என்பதற்காக ஓர் ஆல்பத்தையே கலைத்துப்போட்டவர் இவர். குரலைப் பற்றி அக்கறையில்லாமல் பாடுகிறார் என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டிப் போகிறார்கள்.

அந்த ஆல்பத்தின் வரிகள் ஏன் மனத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கின்றன? பெயர்ச்சொற்களால். ‘லேக் சார்ல்ஸ்’ பாட்டில் இறந்துபோன நண்பனுக்கு ஓர் ஊர் உண்டு, அவன் தன் ஊர் என்று சொல்லிக்கொண்ட இன்னொரு ஊர் உண்டு, ஓட்டிய மஞ்சள் எல் கமினோ வண்டி உண்டு, கேட்ட புளூஸ் பாடகர் ஹௌலின் வூல்ஃப் உண்டு. ‘ஜாக்சன்’ பாட்டில் லஃபயெட், பேட்டன் ரூஜ், விக்ஸ்பர்க் என்று சாலையே நகர்கிறது. துக்கம் என்ற சொல்லை எடுக்காமலே, பொருளையும் ஊரையும் அடுக்கித் துக்கத்தைக் கொண்டுவந்துவிடுகிறார். இதை ஒருமுறை சுவைத்துவிட்ட காது, அடுத்த ஆல்பத்திலும் அதையே தேடும்.

2001-இல் ‘எசென்ஸ்’ வந்தபோது அது கிடைக்கவில்லை. ஊர்ப் பெயர்கள் குறைந்துவிட்டன. வரிகள் குட்டையாகிவிட்டன. ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தது. பாப் டிலனின் 1997 ஆல்பத்தில் இருந்த எளிமை தனக்குத் துணிவு தந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு டைம் இதழ் அவரை அமெரிக்காவின் சிறந்த பாடலாசிரியர் என்று எழுதியது. அதே ஆண்டுதான் பழைய ரசிகர்களில் ஒரு பகுதி, எழுத்து வற்றிவிட்டது என்று சொல்லத் தொடங்கியது. ஆக, 2023-இல் நீங்கள் படிக்கும் சண்டைக்கு அப்போதே 22 வயது.

திரும்பச் சொல்லுதல் என்ற விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாதிச் சண்டை அதில்தான் இருக்கிறது. இது வயதான காலத்தில் வந்த பழக்கம் என்பது தவறு. 1988 ஆல்பத்தில் இருக்கும் ‘சேஞ்ச்ட் த லாக்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாட்டும் ஒரே அச்சு: அதை மாற்றினேன், இதை மாற்றினேன். ஆனால் மாறும் பொருள் சரணத்துக்குச் சரணம் வளர்கிறது. முதலில் கதவுப் பூட்டு, பிறகு தொலைபேசி எண், பிறகு கார், உடை, ரயில் ஓடும் தண்டவாளம், கடைசியில் ஊரின் பெயரே. வீட்டு வாசலில் தொடங்கிய பயம் வரைபடம் வரைக்கும் போய்விடுகிறது. அச்சு ஒன்றுதான், அதற்குள் பொருள் ஏறிக்கொண்டே போகிறது. ராக் பாடகர் டாம் பெட்டி அதை எடுத்துப் பாடியதற்கும் அந்த ஏற்றம் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இரண்டாவது வகை ‘ஜாய்’, 1998. இதில் பொருள் வளர்வதில்லை. என் மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டாய், திருப்பிக் கொடு என்ற ஒரே கோரிக்கை. இடையில் வெஸ்ட் மெம்ஃபிஸ், ஸ்லைடெல் என்று இரண்டு ஊர்கள். ஏற்றம் முழுவதும் குரலிலும் ஸ்லைடு கிதாரிலும் இருக்கிறது. கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரி ஒன்றுதான், ஒவ்வொரு சுற்றிலும் கனம் வேறொரு சொல்லில் விழும், அதனால் பொருளும் நகரும். அதைக் கவனிக்காமல் வரிகளைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் நான்கு வரிகூடத் தேறாது. காகிதத்தில் படித்துவிட்டு எழுத்து வற்றிவிட்டது என்று தீர்ப்புச் சொல்பவர்கள் செய்யும் பிழை இதுதான்.

மூன்றாவது வகையும் உண்டு. அது உண்மையிலேயே தோற்கும் வகை. பொருளும் வளராது, குரலும் அழுத்தத்தை மாற்றாது, ஆனால் பாட்டு நீளும். 2007-இன் ‘வெஸ்ட்’ ஆல்பத்தில் இருக்கும் ‘ராப் மை ஹெட் அரௌண்ட் தட்’ 9 நிமிடம் ஓடுகிறது. அதில் பாதி போதும் என்று சொல்பவர்களோடு நானும் சேர்கிறேன். இதற்கு நேர்மாறாக, 2016-இன் ‘த கோஸ்ட்ஸ் ஆஃப் ஹைவே 20’ ஆல்பத்தை முடிக்கும் ‘ஃபெய்த் அண்ட் கிரேஸ்’ 12 நிமிடத்துக்கு மேல் ஓடியும் தளரவில்லை. தாளம் ஒரு பிரார்த்தனைக் கூட்டம்போல உள்ளே இழுத்துக்கொண்டே போகிறது. நீளத்தைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. உள்ளே ஏதாவது ஒன்று நகர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது குரல். பக்கவாதம் வந்ததால்தான் உச்சரிப்பு குழைகிறது என்று 2023 ஆல்பத்தைப் பற்றிப் பலரும் சொல்கிறார்கள். காலவரிசை அதை ஏற்கவில்லை. 2003-இன் ‘வேர்ல்ட் விதவுட் டியர்ஸ்’ ஆல்பத்தில் ‘வென்ச்சுரா’ பாட்டைப் போடுங்கள். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்குவது, உயிரொலியை இழுத்து அடுத்த சொல்லோடு ஒட்டுவது, தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து விழுவது எல்லாம் அப்போதே முழுதாக இருக்கின்றன. அந்த ஆல்பத்தைத் தயாரிப்பாளர் மார்க் ஹோவர்டோடு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பழைய மாளிகையில், பெரும்பாலும் குழு வாசிக்கும்போதே பாடிப் பதிவு செய்தார்கள். அப்படிப் பாடும்போது பிசிறுகளைத் தனியே திருத்தும் வாய்ப்பு குறைவு. அவர் அதைத்தான் விரும்பினார். ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காக மிசிசிப்பியின் ஜாக்சனில் பதிவு செய்து 1979-இல் வெளிவந்த முதல் ஆல்பத்தைக் கேட்டால் உச்சரிப்பு கண்ணாடிபோல் இருக்கும். அங்கிருந்து 2003-க்கு வந்த தூரம் அவர் தேர்ந்த தூரம். பழைய டெல்டா புளூஸ் பாடகர்களின் பழக்கம் அதில் தெரிகிறது.

அதற்கு மேல் வயது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் குரல்நாண்கள் தடிக்கும், பேசும் சுருதியே கீழிறங்கும். மேல் ஸ்தாயியில் மெல்லிய இழையாகப் பிடித்த இடங்கள் இப்போது காற்றும் கரகரப்புமாக வரும். லூசிண்டா பிறந்தது 1953 ஜனவரியில். 2023 ஆல்பம் வந்தபோது வயது 70. கீழ்ப் பகுதியில் அவர் குரலுக்கு இன்று இருக்கும் உடம்பு 1988-இல் கிடையாது. மேல் பகுதியில் அன்று இருந்த நெளிவு இன்று கிடையாது. நெளிவை நேசித்தவர்களின் வருத்தம் நியாயமானது. அதற்கு நோயைக் காரணம் சொல்வதுதான் தவறு.

நோய் மாற்றியது வேறொன்றை. 2020 நவம்பரில், நாஷ்வில்லில் இருந்தபோது மூளையின் வலப்பக்கம் ரத்தக் கட்டி அடைத்துப் பக்கவாதம் வந்தது. உடலின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டது. மறு ஆண்டே பாடகர் ஜேசன் இஸ்பெல்லின் கச்சேரிகளுக்கு முன்பாக மேடையேறிப் பாடினார், ஆனால் கிதார் வாசிக்க முடியவில்லை. கிதார் வாசிக்கும் யாருக்கும் இதன் கனம் புரியும். இடக்கை விரல்கள்தான் கம்பியை அழுத்திக் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) பிடிப்பவை. அதுவரை அவர் எழுதிய முறை தனிமையும் கிதாரும் சேர்ந்தது. கை தடவித் தடவி ஒரு கார்டு மாற்றத்தைக் கண்டுபிடிக்கும், அந்த மாற்றத்தின் மேல் வரி வந்து உட்காரும். கை போனபின் அந்தத் தேடல் இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. 2023 ஆல்பத்தில் கணவரும் மேலாளருமான டாம் ஓவர்பி, நியூயார்க் பாடகர் ஜெஸ்ஸி மாலின், சுற்றுப்பயண மேலாளர் டிராவிஸ் ஸ்டீவன்ஸ் ஆகியோர் கூட்டெழுத்தாளர்களாக இருக்கிறார்கள்.

கூட்டாக எழுதும்போது என்ன மாறும்? ஒருவர் மனத்தில் ஆறு மாதம் ஊறும் அந்தரங்கமான விவரம் நான்கு பேர் உட்கார்ந்த அறையில் எளிதில் மேலே வராது. எல்லோருக்கும் பொதுவான விஷயம் முதலில் வரும்: பழைய இசைக்குழு, இரவு, நகரம், ராக் அண்ட் ரோல் மீதான காதல். கார்டு அமைப்பும் எல்லோர் கைக்கும் பழகிய மூன்று நான்கு கார்டுகளுக்குள் நிற்கும். இன்னொரு மாற்றமும் உண்டு. அவர் ரிதம் கிதார் வாசித்த காலத்தில் பாட்டின் நடை அவர் கையிலிருந்து கிளம்பி, டிரம்ஸ் அதைப் பின்தொடர்ந்தது. இப்போது டிரம்ஸ் நடையைப் பிடிக்க, அவர் அதன் மேல் பாடுகிறார். பழைய ஆல்பங்களின் தொய்வான ஆட்டம் இதில் குறைந்து, நேரான ராக் நடை கூடியிருப்பது எனக்கு இதனால்தான் என்று படுகிறது. ரசிகர்கள் ‘ஏதோ குறைகிறது’ என்று சொல்லும்போது குறைவது பெரும்பாலும் இதுதான், ஆனால் பழியைக் குரல்மேல் போட்டுவிடுகிறார்கள்.

ஆல்பத்துக்கு உள்ளே வருவோம். 2023 ஜூன் 30 அன்று வெளியானது. ‘கார் வீல்ஸ்’ வந்து அதே தேதியில் சரியாக 25 ஆண்டு. தயாரிப்பாளர்கள் லூசிண்டா, ஓவர்பி, ரே கென்னடி. 1998-இல் குரலைப் பிடித்துக் கொடுத்த அதே கென்னடி என்பதால் ஒலிப்பதிவைக் குறை சொல்ல இடமே இல்லை. குரல் முன்னால், வெதுவெதுப்பாக, மூச்சுக் கேட்கும் தூரத்தில் இருக்கிறது.

‘லெட்ஸ் கெட் த பேண்ட் பேக் டுகெதர்’ என்ற முதல் பாட்டுதான் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. பழைய நண்பர்களைக் கூட்டி மறுபடி வாசிப்போம் என்ற அழைப்பு அது. பாடகி மார்கோ பிரைஸ் சேர்ந்து பாடுகிறார். பக்கவாதத்திலிருந்து எழுந்த ஒருவர் சொல்கிறார் என்று தெரிந்து கேட்டால் நெகிழ்வு வரும். அந்தச் செய்தியை எடுத்துவிட்டால் எந்த மூத்த ராக் பாடகரும் பாடியிருக்கக்கூடிய பாட்டு. எந்தக் குழு, எந்த ஊர், யார் யார் என்று ஒரு பெயராவது இருந்திருக்கலாம். ‘ராக் அண்ட் ரோல் ஹார்ட்’ பாட்டுக்கும் இதே குறை. கொண்டாடுபவர்கள் கேட்பது பாடகரின் வாழ்க்கையை, குறை சொல்பவர்கள் கேட்பது பாட்டை. இந்த இரண்டு பாட்டில் நான் குறை சொல்பவர்கள் பக்கம்.

‘நியூயார்க் கம்பேக்’ வேறொரு ஏமாற்றத்தைத் தந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பேட்டி ஷியால்ஃபாவும் பாடுகிறார்கள் என்ற செய்தி முன்கூட்டியே பரவியதால் ஜோடிப் பாட்டு என்று பலர் எதிர்பார்த்தார்கள். இருவரும் பாடுவது பின்னணிக் குரல். பல்லவியில் வந்து தோள் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். ‘ராக் அண்ட் ரோல் ஹார்ட்’ பாட்டிலும் அவர்கள் அப்படித்தான். விருந்தினர் பெயரைப் பார்த்து வாங்கியவருக்கு இது குறை. பாட்டுக்கு இது நல்லதே.

‘ஜூக்பாக்ஸ்’ நன்றாகவே எழுதப்பட்ட தனிமைப் பாட்டு. பாடகி ஏஞ்சல் ஓல்சனின் குரல் மெல்லிய நிழல்போல் பின்னால் வருகிறது. கன்ட்ரி வாசல்காரர்கள் இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டு கேட்பதானால் இதைக் கேட்கலாம். ‘ஸ்டோலன் மொமென்ட்ஸ்’ 2017-இல் இறந்த டாம் பெட்டிக்கானது. கிதார்கள் ஒலிக்கும் விதமே அவருக்குச் செய்த மரியாதை என்பதால், பெட்டியின் இசையை அறிந்தவர்களுக்கு இரட்டிப்பாக வேலை செய்யும். ‘திஸ் இஸ் நாட் மை டவுன்’, ‘லாஸ்ட் கால் ஃபார் த ட்ரூத்’ இரண்டும் எனக்கு நடுத்தரம்.

‘வேர் த சாங் வில் ஃபைண்ட் மி’ பாட்டைச் சண்டை போடுபவர்கள் யாரும் போதுமான அளவு பேசவில்லை. பாட்டு வந்து தன்னைக் கண்டுகொள்ளும் இடத்தில் காத்திருப்பது பற்றியது. கை போய்விட்ட ஒரு பாடலாசிரியர் இதைப் பாடுகிறார். நடை மெதுவாகிறது, குரல் முன்னே வருகிறது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடைக்கிறது. இந்த ஆல்பத்தில் குரல் எந்த நிலையில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் இந்தப் பாட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வேகமான ராக் பாட்டில் அவர் குரலுக்கு மூச்சுவிட இடமில்லை.

அரசியல் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் 2020-இன் ‘குட் சோல்ஸ் பெட்டர் ஏஞ்சல்ஸ்’ ஆல்பத்திலேயே விலகிவிட்டார்கள். அதில் ‘மேன் விதவுட் எ சோல்’ யாரையும் பெயர் சொல்லாமல் சாடியது, ‘வேக்கின் அப்’ குடும்ப வன்முறையைக் கத்திச் சொன்னது. அவர்களில் சிலர் 2023 ஆல்பத்தைக் கேட்கும் முன்பே மனம் மூடி வந்தவர்கள். அந்தக் கருத்துகளைப் படிக்கும்போது எந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எப்படிக் கேட்பது. மூன்று நான்கு மாலைகள் போதும்.

முதலில் சாதனம். போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். அதில் கீழ்த்தொனி வராது. இன்றைய லூசிண்டாவின் குரலில் உடம்பெல்லாம் கீழ்த்தொனியில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் மிஞ்சுவது கரகரப்பு மட்டும். ‘குரல் போச்சு’ என்ற தீர்ப்புகளில் சில அந்தச் சின்ன ஸ்பீக்கரின் தீர்ப்பாகவே இருக்கும். சுமாரான ஹெட்ஃபோன் போதும். செயலியில் ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பை இயக்கிவிடுங்கள். வெவ்வேறு காலத்து ஆல்பங்கள் வெவ்வேறு உரப்பில் தயாரானவை. ஒன்று இரண்டு டெசிபல் கூடினாலே அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது ஏமாந்துவிடும். ஷஃபிளை நிறுத்துங்கள். ‘கார் வீல்ஸ்’ ஆல்பத்துக்கு 2006-இல் வந்த விரிவான பதிப்பில் கூடுதல் பாட்டுகளும் 1998 கச்சேரி ஒன்றும் உண்டு. ஒப்பிடுவதற்கு மூலத்தின் 13 பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் மாலை, 1992-இன் ‘ஸ்வீட் ஓல்ட் வேர்ல்ட்’, 2017-இன் ‘திஸ் ஸ்வீட் ஓல்ட் வேர்ல்ட்’. பின்னது முன்னதை 25 ஆண்டுக்குப் பிறகு முழுதாக மறுபடி பதிவு செய்தது. இப்படியொரு சோதனைக்கூடம் வேறெந்தப் பாடகரிடமும் எளிதில் கிடைக்காது: பாட்டு அதே, எழுத்து பெரும்பாலும் அதே, குரலும் குழுவும் மட்டும் வேறு. ‘பைனியோலா’, ‘சைடுவாக்ஸ் ஆஃப் த சிட்டி’, ‘சம்திங் அபௌட் வாட் ஹாப்பன்ஸ் வென் வீ டாக்’ மூன்றையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ‘பைனியோலா’, 1978-இல் தற்கொலை செய்துகொண்ட கவிஞர் ஃபிராங்க் ஸ்டான்ஃபோர்டின் மரணத்திலிருந்து எழுந்தது. 1992-இல் அது செய்தியைக் கேட்டு அதிர்ந்தவரின் குரல். 2017-இல் அந்தச் செய்தியை வாழ்நாள் முழுதும் சுமந்தவரின் குரல். 2017 பதிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் உங்கள் வருத்தம் குரலைப் பற்றியது. எழுத்தின்மேல் பழி போடாதீர்கள். பிடித்துவிட்டது என்றால், 2023 ஆல்பத்தில் உங்களுக்குக் குறைவது எழுத்து, குரலை விட்டுவிடுங்கள். ஒரு விதிவிலக்கு: ‘ஹி நெவர் காட் இனஃப் லவ்’ 2017-இல் வரியும் தலைப்பும் மாறி ‘டிரைவிங் டவுன் எ டெட் எண்ட் ஸ்ட்ரீட்’ ஆகிவிட்டது, அதை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாம் மாலை, திரும்பச் சொல்லுதலுக்கானது. ‘சேஞ்ச்ட் த லாக்ஸ்’, ‘ஜாய்’, ‘எசென்ஸ்’, பிறகு 2011 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டான ‘பிளெஸ்ட்’. கடைசியில் வருவது பழைய அச்சுக்கே திரும்பிய பாட்டு; வாழ்த்துப் பெற்றோம் என்ற ஒரே தொடக்கம், ஆனால் வாழ்த்தும் ஆள் வரிக்கு வரி மாறுகிறார். வரிகளைக் கண்ணால் படிக்காமல் முதலில் கேளுங்கள். பிறகு வரிகளோடு ஒருமுறை, பிறகு வரிகளை மூடிவிட்டு இன்னொருமுறை. மூன்றாவது முறையில்தான் எந்தச் சொல்லில் கனம் மாறி விழுகிறது என்பது பிடிபடும். குழைந்த உச்சரிப்புக்குப் பழகவும் இதே வழிதான்.

2014, 2016 இரட்டை ஆல்பங்களை ஒரே மூச்சில் கேட்பது எல்லோரும் செய்யும் தவறு. ‘டவுன் வேர் த ஸ்பிரிட் மீட்ஸ் த போன்’ 20 பாட்டு, 100 நிமிடத்தைத் தாண்டும். பாதியில் காது களைத்து, பின்பாதி எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கும். ஒருநாளைக்கு ஒரு வட்டு போதும். தந்தையின் கவிதையை மெட்டமைத்த முதல் பாட்டு ‘கம்பேஷன்’ வெறும் கிதாரோடு வருகிறது. அவர் கையின் வாசிப்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அதை இரண்டுமுறை கேளுங்கள். 2023 ஆல்பத்தில் இல்லாமல் போனது எது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

கடைசி மாலை 2023 ஆல்பம். முதல் பாட்டில் தொடங்காதீர்கள். ‘வேர் த சாங் வில் ஃபைண்ட் மி’, ‘ஜூக்பாக்ஸ்’, ‘ஸ்டோலன் மொமென்ட்ஸ்’ என்ற வரிசையில் போய், பிறகு முதலிலிருந்து முழுதாகக் கேளுங்கள். அதன்பின் ‘ஹம்ஸ் லிக்கர்’ பாட்டைத் தனியே எடுத்து, அதற்கு முன்னால் 1998-இன் ‘டிரங்கன் ஏஞ்சல்’ பாட்டை வையுங்கள். முன்னது 1989-இல் ஆஸ்டினில் சுடப்பட்டு இறந்த பாடகர் பிளேஸ் ஃபோலியைப் பற்றியது. கிழிந்த காலணியில் சுற்றிய டேப் வரைக்கும் அதில் இருக்கிறது. பின்னது த ரிப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் கிதார்காரர் பாப் ஸ்டின்சனைப் பற்றியது. குடியோடு போராடி 1995-இல் இறந்தவர். தலைப்பு, மினியாபொலிஸில் இருக்கும் ஒரு மதுக்கடையின் பெயர். கடைக்குப் பெயர் இருக்கிறது, ஆளுக்குப் பெயர் இருக்கிறது, பின்னணியில் பாடுவது இறந்தவரின் தம்பி டாமி ஸ்டின்சன். கூட்டாக எழுதினாலும், கையில் கிதார் இல்லாவிட்டாலும், ஒரு பெயர்ச்சொல் அகப்பட்டவுடன் பழைய லூசிண்டா முழுதாக வந்து நிற்கிறார்.